சக்கரத்தோரம் ஒரு அடுப்பு

அப்பா லாரி ஓட்டுவதை விட்டபிறகு முதல் முறையாக அவரும் அம்மாவும் என்னைப் பார்க்கப் புனேவுக்கு வந்திருந்தார்கள். சாங்வியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பால்கனியில் நின்றால் எதிர்க் கட்டடத்தின் பால்கனிதான் தெரியும். அங்கே காயும் துணிகளைப் பார்த்தே அம்மா ஒரு வாரத்தை ஓட்டிவிட்டாள். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் வேலைக்குப் போகிறார்கள், யாருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதற்குமேல் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. எங்கேயாவது கூட்டிப் போகலாம் என்று, "உனக்கு என்னம்மா பாக்கணும்?" என்று கேட்டேன். கோயில் என்பாள், இல்லையென்றால் பம்பாய்க் கடல் என்பாள் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் பாக்க வேண்டாம் கண்ணு. உங்கப்பா ரோட்டுல ஆக்குவாராமா, அந்தக் கொழம்ப ஒரு நாளைக்குத் தின்னு பாக்கணும்."

இதைச் சொல்லும்போது அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார். அவருக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது.

நாமக்கல்லில் இருந்து லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய், சூரத், அதற்கும் அப்பால் என்று அப்பா ஓடிய காலம் முழுக்க ஓட்டலில் சாப்பிட்டதில்லை. வண்டியோடு ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரம், ஒரு அரிசி மூட்டை எப்போதும் போகும். நிழல் கண்ட இடத்தில் ஓரங்கட்டி, கிளீனரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டுச் சமைப்பார். அவரோடு ஓடிய டிரைவர்கள் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால், அம்மா கோழியடித்துப் போட்டதைத் தின்றுகொண்டே, "என்ன இருந்தாலும் அண்ணன் ஆக்கற கொழம்பாட்டம் வராதுங்கக்கா" என்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவாள். அவர்கள் போனபிறகு பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே உருளும்.

வீட்டில் அப்பா அடுப்பங்கரைக்குள் கால் வைத்ததே கிடையாது. தண்ணீர்கூட அவராக மொண்டு குடிக்க மாட்டார். அது அதிகாரம் இல்லை. அவர் மனசில் அப்படி ஒரு பாகப்பிரிவினை. வீட்டு நெருப்பு அம்மாவுடையது, ரோட்டு நெருப்பு அவருடையது. பெண்டாட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போவதும் எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு வழக்கமில்லை. என்னைக் கேபினில் ஏறி விளையாடக்கூட விட்டதில்லை. "இந்த ருசி புடிச்சுப்போச்சுன்னா பொறகு பள்ளிக்கூடம் புடிக்காது" என்று காதைப் பிடித்து இறக்கிவிடுவார். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். அதற்கு அவர் கொடுத்த காவல் அது. ஆக, ஊரில் பாதி டிரைவர்கள் தின்ற குழம்பை அவர் பெண்டாட்டியும் பிள்ளையும் தின்றதில்லை.

"என்ற சமையக்கட்டுலயே ஆக்குங்கப்பா. கடையில போயி எல்லாம் வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன்.

"ஊட்டுக்குள்ள நின்னா எனக்குக் கை வராதுடா. அதுக்கு வண்டி வேணும்" என்றார் அப்பா.

பேச்சை முடிக்கத்தான் அப்படிச் சொன்னார். நான் எதையும் சொன்னபடி எடுத்துக்கொள்கிற ஆள். அலுவலகத்தில் விசாரித்தேன். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற வேன் ஒன்று வாடகைக்குக் கிடைக்கும் என்றும், கடக்வாஸ்லா தாண்டி ஏரியோரமாகப் போனால் ஒரு பண்ணையில் அதை நிறுத்தித் தங்கலாம் என்றும், அங்கே ஆடு மாடு கோழியெல்லாம் மனிதர்களோடு ஒட்டிப் பழகும் என்றும் உடன் வேலை செய்கிற ஒருவர் சொன்னார். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேனைக் கட்டடத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அப்பா முதலில் சுற்றிவந்தார். நான்கு டயரையும் எட்டி உதைத்தார். குனிந்து அடியில் பார்த்தார். முகத்தில் ஒரு களை வந்திருந்தது. பிறகு பக்கக் கதவை இழுத்துத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பூப்போட்ட திரைச்சீலை. மெத்தை. கைகழுவ ஒரு குட்டித் தொட்டி. பலகை மேல், சின்ன காஸ் குப்பியோடு சேர்த்துத் தூக்கி எடுக்கக்கூடிய ஒற்றை அடுப்பு. அடுப்புக்கு மேலே தொங்கிய கரண்டிகள்.

"இது வண்டியில்லடா. சக்கரம் வெச்ச ஊடு" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வீடு என்றால் அடுப்பு அம்மாவுடையது. அந்த இடத்திலேயே அவள் ஆசைக்கு அவர் ஒரு முடிவு கட்டிவிட்டார். ஆனாலும் அம்மா வெங்காயம், தக்காளி, அரிசி, ஊரிலிருந்து தான் அரைத்துக் கொண்டுவந்த குழம்புப்பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மெத்தையடியில் வைத்தாள். எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் மடியிலேயே பிடித்துக்கொண்டாள்.

நான் ஓட்டினேன். அப்பா பக்கத்தில். அம்மா பின்னால் மெத்தைமேல் சப்பணமிட்டு, திரையை விலக்கி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு இந்த ஊரில் தெரிந்ததெல்லாம் தேஹு ரோட்டில் வண்டி நிறுத்தும் ஓரமும், கத்ரஜ் ஏற்றமும், நடுவில் உள்ள பைபாஸும்தான். எத்தனையோ வருடம் இந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போனவர் இன்றுதான் ஊருக்குள்ளே உட்கார்ந்து போகிறார். ஆனால் அவர் ஊரைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"கிளச்சு மேல கால வெச்சே ஓட்டாத. அது என்ன செருப்பா?"

"சரிங்கப்பா."

"முன்னால போற பைக்குக்காரன் திரும்பப் போறான். அவன் தோள் சொல்லுது பாரு."

திரும்பினான். பின்னாலிருந்து அம்மா, "என்னையக் கட்டிக்கிட்டு இத்தன வருசமாச்சு, என்ற தோள் என்ன சொல்லுதுன்னு ஒரு நாளாச்சும் பாத்தீங்களா?" என்றாள். அப்பா கண்ணாடியைச் சரிசெய்வதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடக்வாஸ்லா அணையோரம் சோளக்கதிர் சுடும் புகையும், தலைக்கவசத்தோடு நின்றபடி பஜ்ஜி தின்னும் கூட்டமுமாக இருந்தது. அதைக் கடந்து, ராணுவப் பயிற்சிக் கழகத்தின் நீண்ட மதிலையும் விட்டு விலகினால் சாலை சின்னதாகிவிடுகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மலை. மழைக்காலம் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மலையில் பச்சை இன்னும் வற்றவில்லை.

பண்ணை வாசல் குறுகலானது. அப்பா நான் சொல்லாமலே இறங்கிப் பின்னால் போனார். வண்டியின் பக்கத்தைத் தட்டித் தட்டி, "வரட்டும், வரட்டும், லெப்டு ஒடி, இன்னும் ஒடி, ஆங், போதும்!" என்று என்னை உள்ளே வரவழைத்தார். அந்தத் தட்டல் சத்தத்துக்கு எங்கிருந்தோ ஒரு கழுதை வந்து நின்றது. அதன் பின்னால் இரண்டு ஆடுகள். வாத்துகள் வரிசை கலையாமல் குறுக்கே நடந்து போயின. நான் இறங்கக் கதவைத் திறப்பதற்குள் ஒரு வெள்ளாடு அம்மாவின் பக்கக் கதவுக்குள் முன்னங்கால்களை வைத்து ஏறி, அவள் கொண்டையிலிருந்த பூவை இழுத்துத் தின்றுவிட்டது. அம்மா கத்தினாள். பிறகு அதன் தாடையைப் பிடித்துப் பல்லைப் பார்த்துவிட்டு, "குட்டி போட்டு ரொம்ப நாளாகல" என்றாள். அதற்குப்பிறகு அந்த ஆடு அவளை விட்டு நகரவில்லை.

பண்ணையை நடத்துவது முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு மராத்திப் பெண். எல்லாரும் அவரை 'தாயி' என்றுதான் கூப்பிட்டார்கள். மராத்தியில் அக்கா. புடவையும் காலில் ரப்பர் பூட்ஸுமாக வந்து, வண்டி நிறுத்த வேண்டிய வேப்பமரத்தடியைக் காட்டினார். அங்கே உள்ள ஒவ்வொரு பிராணிக்கும் பெயருண்டு. கூப்பிட்டால் வரும். கழுதைக்கு ஒரு பழக்கம்: யார் நின்றாலும் பக்கத்தில் போய் மெதுவாகச் சாய்ந்துகொள்ளும். நகரத்திலிருந்து வந்தவர்கள் அதைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிராணிகளிடம் கொஞ்சமும் பயம் இல்லை. அடி வாங்காத உடம்பு எப்படி நடக்கும் என்பதை அங்கேதான் பார்த்தேன். கோழிகூட அவசரமில்லாமல் நடந்தது.

அந்தக் கோழியால்தான் வம்பு.

மரத்தடியில் வண்டி நின்றதும் அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, மனம் கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். திறந்தவெளி, மர நிழல், பக்கத்தில் தண்ணீர்க் குழாய். ரோட்டோர ஞாபகம் வந்திருக்கலாம். கையைத் தட்டிக்கொண்டு, "ஒரு கோழி கெடச்சா அடிச்சு ஆக்கிப்போடலாம்" என்றார். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்பா நேராகத் தாயியிடம் போனார். லாரி டிரைவர்கள் வழியோரக் கிராமங்களில் கோழி வாங்குவது அப்படித்தான்: நடக்கிற கோழியில் நல்லதாக ஒன்றைக் காட்ட வேண்டும், வீட்டுக்காரர் பிடித்துக் கொடுப்பார். தாயியின் காலடியில் ஒரு செம்பட்டைக் கோழி நின்றது. ஒரு சின்னப் பெண் அதை இப்போதுதான் மடியில் வைத்துத் தடவிவிட்டு இறக்கியிருந்தாள். அப்பா குனிந்து, அதன் நெஞ்சை விரலால் அழுத்திச் சதை பார்த்துவிட்டு, தன் லாரி இந்தியில், "ஏ முர்கி தேகா க்யா?" என்று அந்தக் கோழியை விலைக்குக் கேட்டார்.

தாயிக்கு முதலில் விளங்கவில்லை. அப்பா கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்துக் காட்டினார்.

அந்தச் சின்னப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். தாயி கோழியை வாரித் தூக்கிக்கொண்டு, "அய்யோ காகா! இவள் இங்கே எங்கள் ஹீரோயின்!" என்று இந்தியில் சொன்னார்; காகா என்றால் சித்தப்பா. கோபமில்லை, சிரிப்புத்தான். ஒரு நடிகையின் பெயர் அந்தக் கோழிக்கு. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. திரும்பி வந்து வண்டிக்குப் பின்பக்கமாக, யாருக்கும் தெரியாத இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இவங்களுக்குக் கோழியெல்லாம் புள்ளையாட்ட இருக்குது. இங்க நான் என்னத்த ஆக்கறது? ஏ புள்ள, நீயே எதாச்சும் உப்புமா கிண்டு. அடுப்புத்தான் உள்ளயே இருக்குதல்ல" என்றார்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அம்மாவின் ஆசை இத்தோடு போயிற்று என்றே நினைத்தேன். தாயி வருத்தப்பட்டாரோ என்னவோ, ஒரு கிண்ணத்தில் கோழிமுட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இவை பெயரில்லாதவை" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அம்மா முட்டைகளை வாங்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள். நானும் ஏறினேன். ஏறியவள் அடுப்பைத் தொடவில்லை. ஜன்னலை மூடினாள். இன்னொரு ஜன்னலையும் மூடினாள். பிறகு வெளியே கேட்கிற மாதிரி, "தீப்பெட்டி எங்க கண்ணு?" என்றாள்.

"இதுக்குத் தீப்பெட்டி வேண்டாம்மா, திருகினாலே..."

என் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். "தீப்பெட்டிய எடு, பத்த வெக்கணும்! காத்து வருது, கதவச் சாத்து!" என்றாள் இன்னும் சத்தமாக.

கதவைச் சாத்த நான் கை வைப்பதற்குள் அது வெளியிலிருந்து படாரென்று திறந்தது. அப்பா நின்றிருந்தார்.

"வண்டிக்குள்ள அடுப்பு பத்த வெப்பாங்களா? அறிவிருக்குதா ரெண்டு பேருக்கும்? எறக்கு அத!"

"ஊடுன்னுதான சொன்னீங்க?" என்றாள் அம்மா, மிகவும் பணிவாக.

"டீசல் ஓடற எடத்துல நெருப்ப வெச்சுக்கிட்டு ஊடாம் ஊடு. எறக்குடி!"

லாரிக்காரர்களுக்கு அது மீறமுடியாத கட்டு. மழையானாலும் பனியானாலும் அடுப்பு வண்டிக்குள் எரியக் கூடாது. கேபினில் சமைத்து எரிந்துபோன வண்டிகளின் கதையை அப்பா வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த அம்மா அதை ஒரு நாள் இப்படி அவரிடமே பயன்படுத்துவாள் என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்காது. அம்மா அடுப்பைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால் இருவருமே சிரித்திருப்போம்.

அடுப்பைக் கையில் வாங்கிய பிறகு அதை வைக்க இடம் பார்க்க வேண்டும். அப்பா ஒரு பிடி புழுதியை அள்ளி விட்டார். அது பறந்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு பின்சக்கரத்தின் மறைவில், வண்டியிலிருந்து ஒரு எட்டுத் தள்ளி, மூன்று கல்லைச் சேர்த்து அதன் நடுவில் அடுப்பை வைத்தார். வைத்ததும் அதற்கு எதிரில் குந்தி உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். அந்த இடம் அவருடையதாகிவிட்டது.

"வெங்காயம்" என்றார் கையை நீட்டி.

அம்மா பையையே கொண்டுவந்து வைத்தாள்.

பலகை கேட்கவில்லை. உள்ளங்கையில் வெங்காயத்தை வைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கீறிப் பாத்திரத்துக்கு மேலேயே அரிந்தார். ஒரு துண்டு கீழே விழவில்லை. தக்காளியைக் கையாலேயே பிசைந்தார். முதலில் சோற்றை வைத்தார். அது கொதிக்கும்போது கழுதை வந்து பின்னால் நின்று அவர் முதுகில் சாய்ந்தது. அப்பா தோளால் அதைத் தள்ளினார். அது நகர்ந்து காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டது. அடுப்பின் தீ அசையாமல் நின்று எரிந்தது.

"இவன் நல்ல கிளீனரு. எனக்கு வாச்சவனுக எவனும் இப்படி நின்னதில்ல" என்றார்.

சோற்றை வடித்ததும் வெள்ளாடு கஞ்சி வாசனைக்குக் கழுத்தை நீட்டியது. எங்கள் வீட்டில் கஞ்சி மாட்டுத் தொட்டிக்குத்தான் போகும். அம்மாவும் அதை வாங்கி ஆட்டுக்கு ஊற்றப் போனாள்.

"அத இங்க வை" என்றார் அப்பா.

எண்ணெய் காய்ந்து, வெங்காயம் சிவந்து, தக்காளி சுண்டியதும் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினார். இறக்கிய சூட்டில் அம்மாவின் பொடியைப் போட்டு மெதுவாகப் பிரட்டினார். தீயில் வைத்துப் பிரட்டினால் கருகிப் பொடி கசக்கும் என்று எப்போதோ எங்கேயோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு அந்தக் கஞ்சியை முழுவதும் குழம்பில் ஊற்றினார்.

"ஏனுங், கஞ்சிய எதுக்கு அதுல ஊத்தறீங்க?"

"ரோட்டுல தண்ணியக் கீழ கொட்ட மனசு வருமா? தேங்கா அரைக்க ஆளிருந்துச்சா? இதுதான் தேங்காப்பால்."

குழம்பு தளதளவென்று கெட்டியாகக் கொதித்தபோது முட்டைகளை ஒவ்வொன்றாக விளிம்பில் தட்டி அப்படியே உடைத்து ஊற்றினார். கரண்டியால் தொடவில்லை. வெள்ளை அதன் போக்கில் பூத்து இறுகியது. மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்த மணத்தில் எனக்கு நாக்கு ஊறியது. ஆனால் அதைவிட அவர் உட்கார்ந்திருந்த விதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எப்போதும் விருந்தாளிபோல நாற்காலி நுனியில் உட்காருகிற மனிதர், இங்கே மண்ணில் முழுசாக உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் படிக்க அனுப்பிவிட்டு இப்படித்தான் எங்கெங்கோ உட்கார்ந்து பசியாறியிருக்கிறார். பரிதாபமாக இருந்திருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அங்கே அவர் ஒரு ராஜாவாக இருந்திருக்கிறார். அதை என் கண்ணால் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

இருட்டுவதற்கு முன்பே நான் தட்டுகளில் சோறும் குழம்பும் போட்டேன். அம்மா பிசைந்து முதல் வாய் வைத்தாள். இரண்டாவது வைத்தாள். ருசி எப்படி என்று அப்பா கேட்கவில்லை. ஆனால் மூடியிருந்த பாத்திரத்தைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். தட்டு காலியான பிறகுதான் அம்மா தலையைத் தூக்கினாள்.

"இப்படி ஆக்கத் தெரிஞ்ச மனுசன், இத்தன வருசமா என்ற கொழம்ப எப்படிங்க வாயத் தொறக்காமத் தின்னீங்க?"

அவள் கண் நனைந்திருந்தது. காரம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"அது ஊட்டுக் கொழம்பு. இது வண்டிக் கொழம்பு" என்றார் அப்பா. கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டே, "பொடி உன்ற பொடிதான. ஒவ்வொரு டிரிப்புக்கும் நீ அரைச்சுக் குடுத்ததுதான்" என்றார்.

அம்மா தட்டை நீட்டினாள். அப்பா அம்மாவுக்குச் சோறு போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முட்டை உடையாமல் அள்ளிப் போட்டார்.

வாசனை பிடித்துக்கொண்டு தாயியும் பாக்ரி என்கிற சோள ரொட்டி இரண்டோடு வந்தார். ஒரு விள்ளலைத் தோய்த்து வாயில் போட்டதும், "காகா, லய் பாரி!" என்று கத்தினார். ரொம்பப் பிரமாதம் என்று அதற்கு அர்த்தம், அப்பாவுக்கே தெரியும். எத்தனை மராத்தி டிரைவர்கள் சொல்லிக் கேட்டிருப்பார். மறுபடியும் தோய்க்க வந்த தாயியின் கையைப் பார்த்து அம்மா பாத்திரத்தைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். தாயி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அம்மாவே வெட்கப்பட்டு ஒரு கரண்டி ஊற்றினாள்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா பழக்கத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழப் போனாள்.

"நீ உக்காரு" என்றார் அப்பா. "டேய், ஏனமெல்லாம் எடு. வண்டியில கழுவறது கிளீனர் வேல."

கழுதையைக் காட்டி, "அதான் புதுசா ஒருத்தன் வந்திருக்கானே" என்றேன்.

"அவன் நின்னதுக்கே சம்பளம் சரியாப்போச்சு. நீ போ."

குழாயடியில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவர்கள் பேசுவது கேட்டது. அம்மா மெத்தைமேல் ஏறி, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆடு அவள் பாதத்தடியில் படுத்திருந்தது. அப்பா சக்கரத்தில் சாய்ந்திருந்தார்.

"நாளைக்குக் காலைல என்னங்க ஆக்கறீங்க?"

"நாளைக்குமா?"

"வண்டி நாளைக்கு வரைக்கும் இங்கதான நிக்குது?"

அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வெங்காயம் தீந்துபோச்சு. அந்தப் புள்ளகிட்டக் கேட்டு வாங்கிட்டு வாரேன்" என்று தாயியின் வீட்டை நோக்கி நடந்தார். கழுதை அவர் பின்னாலேயே போனது.

அம்மா வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அப்படியே முட்டையும் கேளுங்க! கோழியக் கேட்டுப்போடாதீங்க!"